மாலையில் பறந்த கார் இரவில் ஏன் திரும்ப மறுக்கிறது?

அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தயங்களைத் தொடர்ந்து பார்க்கும் ஒரு வாசகரின் கேள்வி இது: "சார்லட்டில் நடக்கும் 600 மைல் பந்தயத்தில், வெயில் இருக்கும்வரை முன்னால் ஓடிய கார்கள் விளக்கு வெளிச்சம் வந்ததும் தடுமாறுகின்றன. பின்னால் கிடந்தவை மேலே வருகின்றன. ஓட்டுநர் அதே ஆள், எஞ்சினும் அதேதான். பிறகு என்னதான் மாறுகிறது?"

மாறுவது தரை. 2025 மே 25 அன்று நடந்த பந்தயத்தில் ராஸ் சாஸ்டெய்ன் நாற்பதாவது இடத்தில், அதாவது ஆகக் கடைசியில் கிளம்பினார். பயிற்சியில் கார் நொறுங்கியதால் இரவோடு இரவாக மாற்றுக் காரைத் தயார் செய்திருந்தது அவருடைய அணி. 400 சுற்றுகளில் 283 சுற்றுகளுக்கு முன்னிலையில் இருந்தவர் வில்லியம் பைரன். கடைசிச் சில சுற்றுகளில் சாஸ்டெய்ன் அவரைத் தாண்டி வென்றார். ஒரு வெற்றிக்குப் பின்னால் பல காரணங்கள் இருக்கும். ஆனால் இந்தப் பந்தயத்தில் மாலையில் யார் வேகம் என்பதை மட்டும் வைத்து முடிவைக் கணிக்கவே முடியாது. மாலை ஆறு மணியைத் தாண்டித் தொடங்கி இரவு பத்தைத் தாண்டி முடியும் ஓட்டம் இது. மே மாதக் கடைசியில் சார்லட்டில் சூரியன் மறைய எட்டரை ஆகும். ஒரே பந்தயத்துக்குள் இரண்டு தரைகள்.

வட கரோலினாவில் இருக்கும் இந்தத் தளம் ஒன்றரை மைல் நீள ஓவல், அதாவது நீள்வட்டப் பாதை. நேர்ப்பாதையில் 5 டிகிரி, வளைவுகளில் 24 டிகிரி சாய்வு. வெயிலில் ஊறிய தார்ப்பரப்பு 50 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சுடும். இருட்டி ஒரு மணி நேரம் போனால் அதே பரப்பு 30-ஐ ஒட்டி இறங்கிவிடும். காற்றின் வெப்பம் பத்து டிகிரிதான் குறைகிறது. தரையின் வெப்பம் இருபதுக்கு மேல் குறைகிறது. கறுப்புப் பரப்பு வெயிலை விழுங்குவதில் எவ்வளவு கெட்டியோ, வானத்தை நோக்கி வெப்பத்தைக் கக்குவதிலும் அவ்வளவு கெட்டி. வானம் தெளிவாக இருந்தால் இன்னும் வேகமாக ஆறும். மேகம் மூடினால் போர்வை போர்த்தியதுபோலத் தாமதமாகும். அணிகள் வானிலை வரைபடத்தில் மழையை மட்டுமல்லாமல் மேகத்தையும் பார்ப்பது இதனால்தான்.

இனி ரப்பருக்கு வருவோம். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே இதுதான்.

டயர் தரையைப் பிடிப்பது இரண்டு விதத்தில். ஒன்று, ரப்பர் மூலக்கூறுகள் தரையோடு நேரடியாக ஒட்டிக்கொண்டு, இழுபட்டு, பிய்ந்து, மறுபடி ஒட்டுவது. இன்னொன்றுதான் அழகு. தாரில் துருத்தி நிற்கும் கல்முனைகளின்மேல் ரப்பர் அமுங்கி நகர்கிறது. முனையின் முன்பக்கத்தில் அமுங்கிய ரப்பர், முனையைத் தாண்டியதும் பழைய வடிவத்துக்குத் திரும்ப வேண்டும். உடனே திரும்பிவிட்டால், முன்னால் தடுத்த விசையைப் பின்னால் தள்ளும் விசை ஈடுகட்டிவிடும், பிடிப்பு மிஞ்சாது. ஆனால் நல்ல டயர் ரப்பர் சோம்பேறி. கொஞ்சம் தாமதித்துத்தான் எழும்பும். அந்தத் தாமதத்தில் முனையின் பின்பக்கம் அழுத்தமில்லாமல் போக, முன்பக்க அழுத்தம் மட்டும் நிற்கிறது. வண்டியை வளைவில் பிடித்து வைப்பது இந்தச் சோம்பல்தான். அதற்குக் கொடுக்கும் விலை வெப்பம்.

சோம்பலுக்கும் அளவு உண்டு. ரப்பர் குளிர்ந்து விறைத்திருந்தால் முனைகளுக்குள் அமுங்கவே அமுங்காது. மிகச் சூடாக இருந்தால் துள்ளி எழும்பிவிடும், தாமதம் இல்லை. நடுவில் ஓர் உச்சம் இருக்கிறது. நொடிக்கு மூன்று மீட்டர் வேகத்தில் வழுக்கும் ரப்பர், பத்தில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கும் முனைகளைக் கடக்கும்போது நொடிக்கு 30,000 முறை அமுங்கி எழும்புகிறது. இந்த வேகத்தில் எந்த வெப்பநிலையில் ரப்பர் சரியாகத் தாமதிக்கும் என்பதுதான் கேள்வி. 1963-இல் க்ரோஷ் என்பவர் ராயல் சொசைட்டி இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்கு வழி திறந்தது. உராய்வு வெப்பம் குறுக்கிடாதபடி நொடிக்குச் சில சென்டிமீட்டருக்கு மேல் போகாமல், வெவ்வேறு வெப்பநிலைகளில் கண்ணாடியின்மேலும் உப்புத்தாள் போன்ற சொரசொரப்பான பரப்பின்மேலும் ரப்பரை இழுத்துப் பார்த்தார். வேகத்தை ஏற்றுவதும் வெப்பத்தை இறக்குவதும் ரப்பருக்கு ஒன்றுதான் என்று தெரிந்தது; எல்லா அளவீடுகளும் ஒரே வளைகோட்டில் வந்து உட்கார்ந்தன. அந்த மெதுவான இழுவைதான் இன்று 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் டயரைப் புரியவைக்கிறது. "இதனால் உடனே என்ன லாபம்?" என்று கேட்டுவிட்டுத்தான் நிதி ஒதுக்குவோம் என்றால் இப்படி ஓர் ஆய்வு பிறக்காது. டயர் ஆலைகள் இத்தனை இருக்கும் தமிழ்நாட்டில், ரப்பரின் அடிப்படை இயற்பியலுக்குக் கல்லூரி ஆய்வகங்களில் பணம் போடுவது வீண் செலவே அல்ல என்பது என் உறுதியான கருத்து.

இப்போது அந்த வளைகோட்டை மாலை வெயிலில் வைத்துப் பாருங்கள். பந்தய டயரின் மேல்பரப்பு 95 டிகிரி, தரை 55 டிகிரி என்று கொள்வோம். வித்தியாசம் 40. ரப்பரின் சூட்டைத் தரை கொஞ்சமாகத்தான் வாங்கிக்கொள்ளும். இரவில் தரை 28 டிகிரி, வித்தியாசம் 67. ஒவ்வொரு முறை தரையைத் தொடும்போதும் டயர் முன்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் வெப்பத்தை இறக்கி வைக்கிறது. தார் முழுக்க ஒரு ரேடியேட்டர் ஆகிவிடுகிறது. பகலில் உச்சத்தைத் தாண்டிச் சூடேறி வழுக்கிய ரப்பர், இரவில் உச்சத்துக்கே திரும்பி வருகிறது. சுற்று நேரம் குறைகிறது.

பிடிப்பு கூடினால் எல்லாருக்கும் நல்லதுதானே, இதில் தடுமாற்றம் எங்கே வந்தது? நான்கு டயர்களுக்கும் பிடிப்பு ஒரே அளவில் கூடுவதில்லை. அங்கேதான் சிக்கல்.

பின் டயர்கள் இரண்டு வேலை செய்கின்றன: காரை வளைவில் பிடிக்க வேண்டும், எஞ்சினின் 670 குதிரைத்திறனையும் தரைக்குக் கொடுக்க வேண்டும். பகலில் அதிகம் வழுக்கி அதிகம் சூடானவை அவை. குளிர்ந்த தரையால் அதிகம் ஆதாயம் பெறுவதும் அவையே. முன்பக்கத்தின் கதை வேறு. ஓவலில் எப்போதும் இடது திருப்பம், எனவே பெரும் சுமை வலது முன் டயரின் தலையில். சுமார் 200 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 270 கிலோமீட்டரில் போகும் காரைக் கணக்கிட்டால், சாய்வின் காரணமாகவே அது தன் எடையைப்போல இரண்டு மடங்கு அழுத்தத்தைத் தரையில் போடுகிறது. பக்கவாட்டில் தாங்க வேண்டிய விசையும் எடையைப்போல இரண்டு மடங்குக்குச் சற்று மேல். டயருக்கு ஒரு குணம் உண்டு: சுமையை இரட்டித்தால் பிடிப்பு இரட்டிக்காது. ஓர் உதாரணத்துக்கு, 400 கிலோ சுமையில் 440 கிலோ பிடித்த டயர், 800 கிலோவில் 880 பிடிக்காது. 820 பிடித்தால் பெரிது. இரவில் வேகம் கூடக் கூட வலது முன் டயருக்கு இன்னும் சுமை ஏறுகிறது, ஒவ்வொரு கிலோவுக்கும் கிடைக்கும் பிடிப்பு இறங்குகிறது.

பின்பக்கம் தரையை இறுகப் பிடித்துக்கொண்டு தள்ள, முன்பக்கம் திரும்பாமல் வெளிச்சுவரை நோக்கி நழுவும். பந்தய மொழியில் இது 'டைட்'. பின்பக்கம் நழுவி வால் வெளியே வந்தால் 'லூஸ்'. சார்லட்டில் இருட்டினால் கார் டைட் ஆகும் என்பது பிட்டில், அதாவது டயர் மாற்றக் கார்கள் வந்து நிற்கும் இடத்தில், இருக்கும் எல்லாருக்கும் தெரியும். அதனால் அனுபவமுள்ள அணி மாலையில் காரை வேண்டுமென்றே கொஞ்சம் லூஸாக விடும். ஓட்டுநர் முதல் நூறு சுற்றுகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவார். மாலையிலேயே கச்சிதமாக ஓடும் கார்தான் ராத்திரியில் திரும்ப மறுக்கும்.

டைட் கார் தன்னைத்தானே கெடுத்துக்கொள்ளும். திரும்பவில்லையே என்று ஓட்டுநர் ஸ்டீயரிங்கை இன்னும் திருப்புவார். முன் டயர் குறுக்காக உரசும், வலது முன் டயர் சூடேறும், உள்ளே அழுத்தம் கூடும், டயர் விறைத்த ஸ்பிரிங்போல ஆகும், கார் இன்னும் டைட் ஆகும். தொடர்ந்தால் ரப்பரில் கொப்புளம், பிறகு உள்நூல் தெரியும், பிறகு சுவர்.

இதைச் சரிசெய்ய பிட் ஸ்டாப்பில் கிடைப்பது சுமார் பத்து விநாடி. கையில் இரண்டு கருவிகள்.

முதலாவது காற்றழுத்தம். நம் பெட்ரோல் பங்க்கில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே அளவில் காற்றுப் பிடிப்போம். இங்கே இடப்பக்க டயர்களில் 20 பி.எஸ்.ஐ. வாக்கில் என்றால், வலப்பக்கத்தில் 30-க்கு மேல். நிரப்புவது ஈரமில்லாத நைட்ரஜன். ஈரம் இருந்தால் சூட்டில் அழுத்தம் கணக்குக்கு அடங்காமல் ஏறும். பள்ளியில் படித்த வாயு விதியைப் போட்டுப் பாருங்கள். 30 டிகிரியில் 32 பி.எஸ்.ஐ. வைத்த டயர் 90 டிகிரிக்குச் சூடானால் 41-ஐத் தொடும். வளிமண்டல அழுத்தமான 14.7-ஐக் கூட்டி, கெல்வினில் கணக்கிட வேண்டும். பலர் தவறுவது அங்கேதான். இரவில் டயர் குறைவாகச் சூடாவதால் அழுத்தம் அவ்வளவு ஏறாது. எனவே ஆரம்ப அழுத்தத்தை அரை பி.எஸ்.ஐ., ஒரு பி.எஸ்.ஐ. என்று மாற்றுவார்கள். டைட் காருக்கு வலது பின் டயரில் ஏற்றலாம், இடது பின்னில் இறக்கலாம். வலது முன்னில் இறக்கினாலும் திரும்பும், ஆனால் அது ஆபத்தான வழி. அழுத்தம் குறைந்த டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கும்.

இரண்டாவது 'வெட்ஜ்'. காரின் பின்பக்க ஜன்னல் கண்ணாடியில் இருக்கும் துளை வழியாக நீண்ட ஸ்பேனரை விட்டு, பின் ஸ்பிரிங்கின் இருக்கையை ஏற்றி இறக்கும் திருகாணியைச் சுற்றுவார்கள். ஒரு கால் குட்டையான நாற்காலியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூலையை உயர்த்தினால் அதற்கு மூலைவிட்டமாக எதிரே இருக்கும் காலும் சுமை வாங்கும். இடது பின் மூலையில் சுமை ஏற்றினால் வலது முன்னிலும் ஏறும். கார் டைட் ஆகும். இரவில் வேண்டியது இதற்கு எதிர்: வெட்ஜை இறக்குவது. அரைச் சுற்று, ஒரு சுற்று. அதற்கு மேல் போனால் அடுத்த வளைவில் வால் வெளியே வரும்.

எவ்வளவு மாற்றுவது என்பதைக் கழற்றிய டயர் சொல்லும். ஒட்டியிருக்கும் ரப்பர் துணுக்குகளைச் சூடுகாட்டிச் சுரண்டிவிட்டு, டயரில் இருக்கும் சிறு துளைகளின் ஆழத்தை அளந்து தேய்மானம் பார்ப்பார்கள். உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என மூன்று இடத்தில் ஊசி குத்தி வெப்பம் பார்ப்பார்கள். நடுப்பகுதி மட்டும் சூடாக இருந்தால் காற்று அதிகம். இரு விளிம்பும் சூடாக இருந்தால் காற்று குறைவு.

காற்றின் பங்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 32 டிகிரியிலிருந்து 22-க்கு இறங்கினால் காற்று ஏறக்குறைய 3 சதவீதம் அடர்த்தியாகும். எஞ்சினுக்கு ஆக்சிஜன் கூடும், காரைத் தரையோடு அழுத்தும் விசையும் கூடும், எதிர்க்கும் இழுவையும் கூடும். நேர்ப்பாதையில் லாபமும் நட்டமும் பெரும்பாலும் சரிக்குச் சரி. வளைவில் லாபம்.

விளக்குகளுக்கும் ஒரு வார்த்தை. சார்லட்டில் விளக்கு வந்தது 1992-இல். ஒரு மைலுக்கு மேல் நீளமான ஓவலுக்கு வெளிச்சம் போடுவது அன்று பெரிய சவால். உள்வட்டத்தில் உயரக் கம்பங்களை நட்டால் ரசிகர்களுக்கு எதிர்ப்பக்கம் மறையும், ஓட்டுநருக்குக் கண் கூசும். அதனால் தாழ்வாக வைத்த விளக்குகளின் ஒளியைக் கண்ணாடிகளில் பட்டுத் தெறிக்க வைத்துத் தளத்தில் விழச் செய்தார்கள். அந்த ஆண்டு மே 16-இல் அந்த வெளிச்சத்தில் நடந்த முதல் இரவுப் பந்தயத்தில் ஓட்டுநர் டேவி அலிசன் வென்றார். எல்லைக்கோட்டைத் தாண்டிய கணமே மோதிச் சுழன்று மருத்துவமனைக்குப் போனார்.

இந்த விளையாட்டிலும் நம்பிக்கைகளுக்குக் குறைவில்லை. நம் ஊரில் புது வண்டியின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பதுபோல, அங்கே பச்சை நிறக் கார் ஆகாது, தோலுரிக்காத வேர்க்கடலை பிட்டுக்குள் வரக் கூடாது, 50 டாலர் நோட்டு ஆகாது. மனதுக்குத் தெம்பு தருமென்றால் இருக்கட்டும். ஆனால் இரவில் கார் கெட்டதற்கு வேர்க்கடலையைக் காரணம் சொன்ன ஒவ்வொரு முறையும், தரையில் வெப்பமானி வைத்துப் பார்க்கும் ஒரு வாய்ப்பு கைநழுவியிருக்கிறது.

அடுத்த முறை பார்க்கும்போது முன்னிலைப் பட்டியலைவிட, கார் வளைவை விட்டு வெளிவரும் இடத்தைக் கவனியுங்கள். டைட் கார் சுவரை நோக்கி அகன்றுகொண்டே போகும். ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை மறுபடி மிதிக்கத் தாமதிப்பது எஞ்சின் சத்தத்திலேயே கேட்கும். பின் கண்ணாடியில் ஸ்பேனர் நுழைகிறதா, எந்தப் பக்கம் என்று பாருங்கள். பந்தயம் நூறு நூறு சுற்றுகளாக நான்கு கட்டங்கள். தரை வேகமாகக் குளிர்வது நடுவில் இருக்கும் இரண்டு கட்டங்களில். அணிகள் அதிகம் தவறுவதும் அங்கேதான். கடைசிக் கட்டத்தில் தரை ஏறக்குறைய நிலைத்துவிடும். அதற்குப்பின் ஸ்பேனரை நுழைக்கும் அணி, இன்னும் விடை கண்டுபிடிக்கவில்லை என்று அர்த்தம்.