குடலுக்குள் இருப்பது மடி, பை அல்ல

மலக்குடல் புற்றுநோய் அறுவையில் குடலையே மடித்து உள்ளே அமைக்கும் ‘பௌச்’சைத் தமிழில் ‘மலப்பை’ என்று எழுதுகிறார்கள். தவறு, நோயாளியைக் குழப்பிவிடும் தவறு.

பௌச் என்பது பழைய பிரெஞ்சு வழியே ஆங்கிலம் சேர்ந்த சொல். சிறு பை என்று பொருள். பாக்கெட்டும் அதன் உறவுதான்.

ஆனால் மதுரை மருந்துக்கடையில் மலப்பை கேட்டால், வயிற்றில் ஒட்டும் பையைத்தான் எடுத்துத் தருவார்கள். அறுவையில் நடப்பதோ வேறு. மலக்குடலை எடுத்தபின் பெருங்குடலின் கீழ்முனையை 5 அல்லது 6 செ.மீ. அளவுக்கு மேல்நோக்கி மடக்குவார்கள். ஒட்டி நிற்கும் இரு சுவர்களையும் ஸ்டேப்ளரால் தைத்து வெட்டி ஒரே அறையாக்கி, அடியை ஆசனவாயோடு இணைப்பார்கள். 1986இல் லசோர்த், பார்க் என்ற இரு பிரெஞ்சு அறுவை மருத்துவர்களின் குழுக்கள் தனித்தனியே வெளியிட்ட முறை இது.

அந்த இணைப்பு கசியாமல் ஆறுவதற்காகப் பலருக்குச் சிறுகுடலைச் சில மாதம் வயிற்றில் திறந்து வைப்பார்கள். அங்கே வெளிவரும் மலத்தைப் பிடிக்க வெளிப்பை ஒட்டுவார்கள். ஆக, உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், “பையை எப்பங்க எடுப்பீங்க?” என்பவருக்கு என்ன பதில் சொல்வது? “அது நிரந்தரம்” என்று உள்ளே இருப்பதைச் சொன்னால், ஆயுளுக்கும் வயிற்றில் பைதான் என்று பயந்து அறுவையே வேண்டாம் என்பார்.

பௌச்சுக்கு ‘மலத்தேக்கம்’ என்று பெயர் வைப்பது இன்னும் மோசம். அறையை 10 செ.மீ.க்குப் பெரிதாக்கினால் மலம் முழுதாக வெளியேறாமல் தங்கும்; அந்தக் கோளாறின் பெயரையா உறுப்புக்குச் சூட்டுவது? மடக்கிய குடல் J எழுத்துபோல இருப்பதால் சொல்லும் ‘ஜே வடிவப் பை’ என்பதும் ஆங்கில எழுத்து தெரியாதவருக்கு எதையும் காட்டாது.

‘குடல்மடி’ என்போம். மல்லிகைத் தோட்டத்தில் பூப்பறிக்கும் பெண்கள் துணியை மடித்து இடுப்பில் கட்டி, அதில் பூவைச் சேர்ப்பதும் மடிதான். மடித்தது, கொள்வது என்ற இரண்டும் அந்த ஒரு சொல்லில் இருக்கின்றன. சோம்பலுக்கும் அதே சொல் உண்டே என்பது வீண் தடை. குடலோடு சேர்ந்தால் யாரும் மயங்கமாட்டார்கள்.

இன்னொரு நன்மை, மடிக்காததை மடி என்று சொல்ல முடியாது. இடுப்புக்கூடு குறுகி மடிக்கு இடமில்லாதபோது, குடலை முனைக்குச் சற்று மேலே 8 முதல் 10 செ.மீ. நெடுக்காகக் கீறிக் குறுக்காகத் தைத்து அகலப்படுத்துவார்கள். அது ‘குடல் விரிப்பு’. குடலின் பக்கவாட்டை ஆசனவாயோடு சேர்ப்பது ‘பக்க இணைப்பு’, முனையோடு முனை சேர்ப்பது ‘நேரிணைப்பு’. நேரிணைப்பில் முதல் ஓராண்டு அடிக்கடி, அவசரமாகப் போகவேண்டியிருக்கும். மடி அந்தத் தொல்லையைக் குறைக்கும். நாளாக நாளாக வேறுபாடு சுருங்கும். இதில் எது தனக்கு என்று நோயாளி கேட்டறிய, நான்கு முறைக்கும் நான்கு பெயர் வேண்டும்.