கண்ணுக்கு ஒரே கௌரி, எக்செலுக்கு இரண்டு

மகளிர் குழுக் கணக்கு எழுதும் வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: “பெயர்ப் பட்டியலில் கௌரி என்று இருக்கிற வரிகளை எடுக்க எக்செலில் சூத்திரம் போட்டேன். ஏழு கௌரி கண்ணெதிரே இருக்கிறார்கள். சூத்திரம் நான்கு பேரைத்தான் காட்டுகிறது. ஏன்?”

அவர் போட்டது, ஆங்கிலக் கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் எழுதினால், இது: =ஐஎஃப்(ஐஎஸ்நம்பர்(சர்ச்("கௌரி",ஏ2)),"உண்டு","இல்லை"). தேடும் சொல் எத்தனையாவது இடத்தில் தொடங்குகிறது என்று சர்ச் ஓர் எண்ணைத் தரும். சொல் இல்லையென்றால் பிழை காட்டும். வந்தது எண்தானா என்று ஐஎஸ்நம்பர் பார்க்கும். மீதி ஐஎஃப் வேலை. சூத்திரத்தில் ஒரு தவறும் இல்லை.

சரி, மூன்று கௌரிகள் எங்கே போனார்கள்?

எக்செல் எழுத்தின் வடிவத்தைப் பார்ப்பதில்லை. அதனிடம் இருப்பது யூனிகோடு எண்களின் வரிசை, அதாவது ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் தரப்பட்ட எண்கள். ‘தமிழ்’ நமக்கு மூன்றெழுத்து. எத்தனை எழுத்து, குறி என்று எண்ணிச் சொல்லும் லென் கட்டளையைப் போட்டுப் பாருங்கள், ஐந்து என்று சொல்லும்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. இலக்கணத்தில் க் என்ற மெய்யோடு அ சேர்ந்தால் க. கணினியில் இது தலைகீழ்: க-வோடு புள்ளி சேர்ந்தால்தான் க். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுப்பதே இல்லை.

இப்போது ‘கௌ’வுக்கு வருவோம். முன்னால் கொம்பு, பின்னால் ள போன்ற ஒன்று. இரண்டும் சேர்ந்து ஒரே குறி, ஒரே எண். பலர் அந்தக் குறியை அடிக்காமல், கெ அடித்துப் பக்கத்தில் நிஜமான ள-வை அடித்துவிடுகிறார்கள். பல எழுத்துருக்களில் திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோலவே தெரியும். லென்தான் காட்டிக்கொடுக்கும்: கௌரி 4, கெளரி 5. இரண்டாவது உண்மையில் ‘கெ-ள-ரி’. சூத்திரமும் அப்படித்தான் படிக்கிறது.

தமிழில் பட்டியல் போடக் கற்றுத்தரும் எந்த வகுப்பிலும் இதை முதல் நாளே சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. உதவித்தொகைப் பட்டியலில் பெயரை வைத்துத் தேடும்போது ஒரு கெளரி விடுபட்டால், நஷ்டம் அந்தப் பெண்ணுக்கு.

அப்புறம், திருத்தும் வழி. ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொன்றை வைக்கும் சப்ஸ்டிட்யூட் கட்டளையைக் கொண்டு ‘கெளரி’யை ‘கௌரி’ ஆக்குங்கள். கெளசல்யாவுக்கும் அப்படியே. ஆனால் முழுப் பெயராகவே மாற்றுங்கள். கொம்பையும் ள-வையும் மட்டும் பிடித்து மாற்றச் சொன்னால், வெள்ளையம்மாளின் பெயர் சிதைந்துவிடும். அவர் பெயரிலும் கொம்பும் ள-வும் அடுத்தடுத்துத்தான் இருக்கின்றன.