டெலாவர் கம்பெனியும் 85,165 டாலர் நோட்டீஸும்

அமெரிக்காவின் டெலாவர் மாநிலத்தில் கம்பெனி பதிந்தவர்கள் ஆண்டு வரி கட்ட வேண்டிய மார்ச் 1 நெருங்கினாலே இதே கேள்விதான்: “டெலாவர்ல வரியே கிடையாதுன்னாங்க, 85,165 டாலர் கட்டச் சொல்லி வந்திருக்கே?” யார் சொன்னது கிடையாதென்று?

2020 கணக்கெடுப்பில் டெலாவரின் மக்கள்தொகை 9,89,948. பதிவான நிறுவனங்களோ 20 லட்சம், அதாவது தலைக்கு இரண்டு. பெரும்பாலானவற்றுக்கு அங்கே ஒரு நாற்காலிகூட இல்லை, ரெஜிஸ்டர்டு ஏஜென்ட்டின் (கம்பெனி சார்பில் அரசுக் கடிதங்களை வாங்கும் உள்ளூர் முகவர்) முகவரி மட்டும்தான். அங்கே பதிவாகி இருப்பதற்கே மாநிலம் வாங்குவது ஃபிராஞ்சைஸ் டாக்ஸ். லாபமா நஷ்டமா என்று அது கேட்பதில்லை.

விற்பனை வரி இல்லை, உண்மை. (விற்பவரின் மொத்த வரவில் ஒரு வரி உண்டு, அதை யாரும் சொல்வதில்லை.) மாநிலத்துக்குள் தொழில் செய்யாத கார்ப்பரேஷனுக்கு 8.7% மாநில வருமான வரி இல்லை, அதுவும் உண்மை. அவ்வளவுதான். 21% ஃபெடரல் வரி ஒரு சென்ட்கூடக் குறையாது. பெரிய கம்பெனிகள் அங்கே போவது முக்கியமாக 1792 முதல் நடக்கும் சான்சரி கோர்ட்டுக்காக. ஜூரி கிடையாது, கம்பெனிச் சட்டத்தில் ஊறிய நீதிபதியே தீர்ப்புச் சொல்வார். உங்கள் இருவர் கம்பெனிக்கு அந்தக் கோர்ட் எதற்கு என்று முதலில் யோசியுங்கள்.

இனி அந்த நோட்டீஸ். அது அனுமதிக்கப்பட்ட பங்குகளை (கம்பெனி அதிகபட்சம் வெளியிடலாம் என்று பதிவில் எழுதிய எண்ணிக்கை) மட்டும் எண்ணிப் போட்ட கணக்கு: முதல் 10,000 பங்குக்கு 250 டாலர், அதற்கு மேல் ஒவ்வொரு 10,000-க்கும் 85. ஒரு கோடிப் பங்குக்கு 85,165. பதறிப்போய்க் கட்டிவிடாதீர்கள்! மாற்று முறை இருக்கிறது. மொத்தச் சொத்தை வெளியிட்ட பங்குகளால் வகுத்து, அனுமதிக்கப்பட்ட பங்குகளால் பெருக்குங்கள். வரும் தொகையில் பத்து லட்சத்துக்கு 400 டாலர், மிச்சமும் முழுப் பத்து லட்சமாகவே எண்ணப்படும். அதே ஒரு கோடிப் பங்குக் கம்பெனிக்குச் சொத்து 50,000 டாலர், வெளியிட்டது 80 லட்சம் பங்கு என்றால் 62,500 வரும். வரி 400, ஆண்டறிக்கைக்கு 50. முடிந்தது. ஆனால் ஒரு லட்சம் பங்கு மட்டும் வெளியிட்டிருந்தால் அதே சொத்துக்கு 50 லட்சம் என்று வந்து வரி 2,000 ஆகிவிடும். பங்கு ஒதுக்கீட்டைத் தள்ளிப்போடுபவர்கள் மாட்டுவது இங்கேதான்.

தாமதத்துக்கு 200 டாலர் அபராதம், மாதம் 1.5% வட்டி. கார்ப்பரேஷன் அல்லாமல் எல்எல்சி (பங்குகள் இல்லாத, வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனம்) என்றால் ஜூன் 1-க்குள் 300 டாலர், ஆண்டறிக்கை இல்லை.

அமெரிக்கர் அல்லாத ஒரே உரிமையாளரின் எல்எல்சியா? வருமானம் பூஜ்யமென்று சும்மா இருக்காதீர்கள். நீங்கள் போட்ட மூலதனமே ஃபெடரல் வரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டிய பரிவர்த்தனை. காலண்டர் ஆண்டுக் கணக்கென்றால் ஏப்ரல் 15-க்குள் அதைத் தெரிவிக்கும் படிவம் 5472, கார்ப்பரேஷன் வருமான வரிப் படிவமான 1120-இன் முகப்போடு சேர்த்துப் போக வேண்டும். தவறினால் 25,000 டாலர். இந்தியாவில் குடியிருப்பவர் என்றால் ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையையும் தயவுசெய்து நிரப்புங்கள்.

கம்பெனி வேண்டாமென்றால் அப்படியே விட்டுவிடாதீர்கள். பாக்கியைத் தீர்த்து, கலைப்புச் சான்றைத் தாக்கல் செய்யுங்கள். இல்லையென்றால் பாக்கி ஏறும்.