சாட்சி பகர்வதா, பகிர்வதா?

கோலாலம்பூர்த் தமிழ்ச் சபைகளில் ஞாயிறு அறிவிப்பைக் கேட்டால் ஒரு சொல் தப்பாமல் வந்துவிடும். ‘வேலையிடத்தில் சுவிசேஷத்தைப் பகிருங்கள்’, ‘இப்போது ஒரு சகோதரி சாட்சி பகிர்வார்’. ஜெபக்கூட்டத்திலும் அதுதான், வாலிபர் கூட்டத்திலும் அதுதான். கேட்டுக் கேட்டு, எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றிவிட்டது.

வேர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிரேக்கத்தில் ‘எவாங்கெலியோன்’ என்றால் நல்ல செய்தி. மலாயில் வழங்கும் ‘இஞ்சில்’ அதே சொல்தான், அரபு வழியாக வந்தது. நம் ‘சுவிசேஷம்’ வடமொழி ஆக்கம், தமிழில் நற்செய்தி. ‘சாட்சி’யும் வடமொழி, கண்ணால் கண்டவர் என்பது அதன் உட்பொருள். தமிழில் சான்று, குறளில் ‘கரி’ என்றும் வரும். சபைக்குள் சுவிசேஷம் என்றே சொல்லிக்கொள்ளட்டும். ஆனால் ‘வீட்டில் ஏதும் விசேஷமா?’ என்று கேட்டுப் பழகிய பக்கத்து வீட்டு இந்து அக்காவுக்கு நற்செய்தி என்றால்தான் உடனே புரியும்.

கோளாறு வினைச்சொல்லில் இருக்கிறது. பகர் என்றால் சொல், எடுத்துக் கூறு. விலை கூறி விற்பதற்கும் அதுவே சொல். புகார் நகர வீதியில் பூவும் சாந்தும் விற்றுத் திரிபவர்களைச் சிலப்பதிகாரம் ‘பகர்வனர்’ என்கிறது. ‘சான்று பகர்தல்’ கத்தோலிக்கத் தமிழில் இன்றும் உயிரோடு இருக்கிறது. பகிர் வேறு குடும்பம்: பகு, பகுதி, பங்கு. கூறு போட்டுக் கொடுப்பது. அண்ணன் தம்பி நிலத்தைப் பகிர்ந்தால் ஆளுக்குப் பாதிதான் கிடைக்கும். ‘க’ ‘கி’ ஆனதில் சாட்சி பாகப்பிரிவினைக்குப் போய்விட்டது.

இது வெறும் எழுத்துப் பிழை என்றால் திருத்திவிட்டுப் போகலாம். ஆனால் ஆங்கிலப் பிரசங்கத்தை வரிக்கு வரி தமிழாக்குகிறவர்கள் ‘ஷேர்’ என்று காதில் விழுந்ததும் ‘பகிர்’ என்று போட்டுவிடுகிறார்கள். பகிர்வதை மலாயில் ‘பெர்கொங்சி’ என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது உறுத்துவதும் இல்லை. அப்புறம் எல்லாமே பகிர்வு: பாரத்தைப் பகிர்கிறார்கள், தரிசனத்தைப் பகிர்கிறார்கள், ஜெபக்குறிப்பைப் பகிர்கிறார்கள். சொல், கூறு, அறிவி, எடுத்துரை, தெரிவி என்று தமிழில் இத்தனை வினை இருக்க, மேடையில் ஒன்றே ஒன்றுதான் புழங்குகிறது.

‘பகிர்தல் மென்மையான சொல், பிரசங்கம் போல இடிக்காது’ என்பார்கள். அந்தக் கவலை எனக்குப் புரிகிறது. பல சமயத்தார் சேர்ந்து வாழும் நாடு இது. முஸ்லிம்களிடையே பிற சமயக் கொள்கைகளைப் பரப்புவதை மாநிலச் சட்டம் கட்டுப்படுத்தலாம் என்று கூட்டரசு அரசியலமைப்பின் 11(4) பிரிவும் சொல்கிறது. அதனால் ‘பரப்புதல்’ வேண்டாம் என்றால், சரி, நானும் ஒப்புக்கொள்கிறேன். வதந்தியையும் நோயையும்தான் பரப்புவார்கள். ஆனால் மென்மை சொல்கிற விதத்தில் இருக்க வேண்டியது. ‘பகிருங்கள்’ என்றால் இன்றைக்கு மக்கள் என்ன செய்கிறார்கள்? கைப்பேசியில் அந்தப் பொத்தானை அழுத்துகிறார்கள். ரோஜாப்பூப் படத்தில் ஒரு வசனம், குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போகிறது. நற்செய்தி அறிவித்தாயிற்று என்று மனம் நிறைந்துவிடுகிறது.

மாமாக் கடையில் தே தாரிக் தேநீர் ஆறிக்கொண்டிருக்கும்போது உடன் வேலை செய்பவர் கேட்பார்: ‘அம்மா போன அப்புறம் எப்படித் தாங்கிக்கிட்டீங்க? சொல்லுங்க.’ ‘பகிருங்க’ என்று அவர் கேட்க மாட்டார். அங்கே நாம் செய்வது சொல்வது. நமக்கு நடந்ததை, நம் வாயால், ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொல்வது. பேய் பிடித்திருந்து குணமானவனிடம் இயேசு கேட்டதும் அதுவே: வீட்டுக்குப் போய், கர்த்தர் உனக்குச் செய்தவற்றை உன் இனத்தாருக்கு ‘அறிவி’ (மாற்கு 5:19). பழைய மொழிபெயர்ப்பாளர்களுக்கு அந்த இடத்தில் எந்தத் தடுமாற்றமும் இல்லை.

ஆகவே நற்செய்தியை அறிவியுங்கள். சாட்சி சொல்லுங்கள், செந்தமிழ் வேண்டுமென்றால் சான்று பகருங்கள். ஞாயிறு அறிவிப்புத் தாள் தயாரிப்பவர்கள் அச்சுக்குப் போகும் முன் அந்தக் ‘கி’யை ஒருமுறை பார்த்துவிட்டால் போதும். பகிர்தலை ஆராதனை முடிந்து போடும் மீகூன் சேமியாவுக்கு வைத்துக்கொள்ளலாம். அங்கே அது சரியான சொல்.