தண்ணீரே ஊற்றாத வடிகட்டி

போன மாதம் ஒரு பள்ளியின் ப்ராஜெக்ட் கண்காட்சிக்கு மதிப்பீட்டாளராகப் போயிருந்தேன். ஏழாம் வகுப்பு, ஐந்து பேர் குழு, தண்ணீர் வடிகட்டி மாடல். அடிப்பகுதியை வெட்டித் தலைகீழாகக் கவிழ்த்த பாட்டில். மேலே கூழாங்கல், அதற்குக் கீழே மணல், அப்புறம் கரித்துண்டு, வாய்ப்பக்கம் பஞ்சு. ஒவ்வொரு அடுக்குக்கும் அச்சடித்த லேபிள். முதலில் நின்ற பையன் மூச்சு விடாமல் ஒப்பித்தான். எல்லோரும் கைதட்டினார்கள்.

மூன்றாவதாக நின்ற பெண்ணிடம் கேட்டேன். "கல்லை மேலேயும் மணலைக் கீழேயும் வைத்திருக்கிறீர்களே, மாற்றி வைத்தால் என்ன ஆகும்?" அவள் முதல் பையனைப் பார்த்தாள். அவன் லேபிளைப் பார்த்தான். "படத்துல அப்படித்தான் இருந்துச்சு மேடம்" என்றான் நான்காவது பையன். அவனை எனக்குப் பிடித்துப் போனது.

சரி, கொஞ்சம் கலங்கல் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிடலாம் என்றேன். முடியாது என்றார்கள். கல் கொட்டிவிடக் கூடாது என்று மேல்பக்கத்தைப் பிளாஸ்டிக் தாளால் மூடிப் பசை போட்டு ஒட்டியிருந்தது. கீழே டம்ளரில் இருந்த பளிங்குத் தண்ணீர், குழாயில் பிடித்தது.

வகுப்பாசிரியை நீட்டிய மதிப்பீட்டுத் தாளில் எல்லாக் கட்டத்திலும் டிக் விழுந்திருந்தது. குழுவாகச் செயல்படுதல்: மிக நன்று. படைப்பாற்றல்: மிக நன்று. சிக்கல் தீர்க்கும் திறன்: மிக நன்று. என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

இந்த வருடத்தில் இது எனக்கு நாலாவது வடிகட்டி. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

இருபது வருடம் வகுப்பில் நின்றவள், இப்போது ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பவள் என்ற முறையில் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ப்ராஜெக்ட் முறையில் புதுமை எதுவும் இல்லை. வில்லியம் கில்பாட்ரிக் அதைப் பற்றிக் கட்டுரை எழுதியது 1918இல். குழந்தை தனக்கென்று ஒரு நோக்கம் வைத்துக்கொண்டு மனதாரச் செய்யும் வேலைதான் அவர் சொன்ன ப்ராஜெக்ட். பசை, லேபிள், வண்ணத்தாள் எல்லாம் பிற்பாடு நாம் சேர்த்தவை. உலக சுகாதார நிறுவனம் 1990களில் பட்டியலிட்ட பத்து வாழ்க்கைத் திறன்களை எடுத்துப் பாருங்கள். முடிவெடுத்தல், சிக்கல் தீர்த்தல், மற்றவர் நிலையிலிருந்து உணர்தல், மன அழுத்தத்தைச் சமாளித்தல் என்று போகும். பத்தும் செய்து செய்து படிய வேண்டியவை. மாடல் பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும், அதைச் செய்யும்போது அந்தக் குழந்தை எதையாவது முடிவு செய்ததா என்பதுதான் கேள்வி. ஒட்டிய கை அப்பாவுடையதாக இருந்தால், முடிவெடுக்கும் திறன் அப்பாவுக்குத்தான் வளர்ந்திருக்கும்.

என்னை மிகவும் எரிச்சல்படுத்துவது இந்த "குரூப் ஒர்க்" விஷயம். நாலு பெஞ்சை இழுத்துப் போட்டு ஐந்து பேரை வட்டமாக உட்கார வைத்துவிட்டால் ஒத்துழைப்பு தானாக வந்துவிடும் என்று படித்தவர்களே நம்புகிறார்கள். வராது. ரிங்கெல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்து, முடிவுகளை 1913இல் வெளியிட்டார். ஆள் கூடக் கூட ஒவ்வொருவரின் இழுப்பும் குறைந்துகொண்டே போனது. எட்டுப் பேர் சேர்ந்தபோது ஆளுக்கு வந்த பங்கு, தனியாக இழுத்ததில் ஏறக்குறைய பாதி. வளர்ந்த மனிதர்கள், கண்ணுக்குத் தெரிகிற கயிறு, அதற்கே இந்தக் கதி. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் ஒரு சார்ட்டைக் கொடுத்து "சேர்ந்து செய்யுங்கள்" என்றால் வேறென்ன நடக்கும்?

என்ன நடக்கும் என்பதை வகுப்பின் பின்பெஞ்சில் உட்கார்ந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கையெழுத்து அழகாக இருப்பவள் எழுதுவாள். வாய் உள்ளவன் பேசுவான். ஒருவன் ஸ்கெட்ச் பேனாவைக் கடன் வாங்கப் போவான், பீரியட் முடியும்போதுதான் திரும்பி வருவான். ஒருத்தி தலையாட்டுவாள். இன்னொருவன் ஜன்னல் வழியே யாரோ விளையாடுவதைப் பார்ப்பான். அடுத்த மாதம் வேறு பாடம், வேறு தலைப்பு, ஆனால் அதே ஐந்து வேலைகள் அதே ஐந்து பேருக்கு. வருடக் கடைசியில் எழுதியவள் இன்னும் அழகாக எழுதுகிறாள், பேசியவன் இன்னும் நன்றாகப் பேசுகிறான். யாருக்கு எது வரவில்லையோ அதைத் தொடாமலே தப்பிக்கப் பழகிவிட்டார்கள். எழுதும் வேலை ஏன் பெரும்பாலும் ஒரு பெண் குழந்தையின் தலையில் விழுகிறது என்பதைத் தனியாக ஒரு நாள் எழுத வேண்டும்.

குழு வேலை செய்ய வேண்டுமென்றால், ஒருவர் இல்லாவிட்டால் மற்றவர்களுக்கு வேலை ஓடக் கூடாது. அவ்வளவுதான் சூட்சுமம். 1971இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில், பல இனக் குழந்தைகளை அப்போதுதான் ஒரே வகுப்பில் சேர்த்திருந்தார்கள். எங்கும் சண்டையும் சச்சரவுமாக இருந்தது. உளவியலாளர் எலியட் ஆரன்சன் பாடத்தையே துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தார். ஒரு குழந்தைக்கு ஒரு துண்டு. ஒரே துண்டு கிடைத்தவர்கள் முதலில் தனியே கூடிப் பேசித் தெளிவாகிக்கொள்வார்கள், பிறகு அவரவர் குழுவுக்குத் திரும்பிப் போய்ச் சொல்லிக் கொடுப்பார்கள். திக்கித் திக்கிப் பேசுகிறவன் கையிலும் ஒரு துண்டு இருக்கிறது, அதை வேறு யாரிடமும் வாங்க முடியாது. கிண்டல் செய்தால் நஷ்டம் கிண்டல் செய்தவனுக்குத்தான். பொறுமையாகக் கேட்கவும் சரியான கேள்வி போட்டு விஷயத்தை வாங்கவும் பிள்ளைகள் பழகிக்கொண்டது அப்படித்தான்.

இதை ஜிக்சா முறை என்று எல்லாப் பயிற்சியிலும் சொல்லிக் கொடுக்கிறோம். ஊருக்குத் திரும்பியதும் ஆசிரியர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? பிரித்துக் கொடுப்பார்கள், பேச விடுவார்கள், கடைசியில் "பரவாயில்லை, யாரும் பயப்பட வேண்டாம்" என்று முழுப் பாடத்தின் சுருக்கத்தையும் நகலெடுத்து எல்லோருக்கும் கொடுத்துவிடுவார்கள். அது கிடைக்கும் என்று தெரிந்தபின் பக்கத்தில் இருப்பவன் பேச்சை எந்தக் குழந்தை கேட்கும்?

ஸ்மார்ட் போர்டைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. பலகை மாறி, அதன் முன்னால் நின்று பேசுபவர் மாறாவிட்டால் மாறியது மின்கட்டணம் மட்டும்தான்.

இனி இன்னொரு வகுப்பு. அதே ஏழாம் வகுப்பு, அதே வடிகட்டி. இந்த ஆசிரியர் மாடல் கேட்கவில்லை, படமும் காட்டவில்லை. மண் கரைத்த தண்ணீர் ஒரு வாளி, பழைய பாட்டில்கள், கல், மணல், கரி, பஞ்சு. இருபது நிமிடத்தில் எந்தக் குழுவின் தண்ணீர் வழியாக அச்செழுத்தைப் படிக்க முடிகிறதோ அது தேறியது என்றார். ஒருவருக்கு அடுக்குகள், ஒருவருக்கு நேரம் குறிப்பது, ஒருவருக்கு ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதி வைப்பது. போன முறை பேசியவர் இந்த முறை பேசக் கூடாது.

ஒரு குழுவில் முதல் தடவை வடிந்து வந்த தண்ணீர், ஊற்றியதைவிடக் கலங்கலாக இருந்தது. நாலு பேரும் அடுக்கு வைத்தவளை முறைத்தார்கள். அவள் கண் கலங்கிவிட்டது. ஆசிரியர் பக்கத்தில்தான் நின்றார். காரணம் அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும், சொல்லத் துடித்து நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். எழுதி வைக்கும் வேலை வாய்த்த பையன் தன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தவன், ஒரு பிடி மணலைத் தனியாக நல்ல தண்ணீரில் போட்டுக் கலக்கினான். தண்ணீர் பழுப்பானது. "மணலே அழுக்கு. கழுவவே இல்ல நாம." அதற்கப்புறம் அவர்களைக் கையில் பிடிக்க முடியவில்லை. கரியையும் கழுவினார்கள். மணலை மேலே வைத்துப் பார்த்தார்கள், சீக்கிரம் அடைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக வந்தது, மறுபடி கல்லை மேலே ஏற்றினார்கள். முறைத்ததற்கு ஒருத்தன் ஒரு மாதிரியாக மன்னிப்பும் கேட்டான்.

மதிப்பீட்டுத் தாளில் நாம் டிக் போடுகிற திறன்கள் எல்லாம் அந்த இருபது நிமிடத்தில் கண்ணெதிரே நடந்தன. நடந்ததற்குக் காரணம் அந்த ஆசிரியர் வாயை மூடிக்கொண்டு நின்ற ஒன்றரை நிமிடம். 1970களில் மேரி பட் ரோவ் என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறைப் பதிவுகளைக் கேட்டு அளந்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் பதிலுக்குக் காத்திருந்தது சராசரியாகச் சுமார் ஒரு விநாடி. மூன்று விநாடி காத்திருக்கப் பழக்கியதும் பதில்கள் நீண்டன, "தெரியாது" குறைந்தது, வாய் திறக்காத பிள்ளைகள் பேச ஆரம்பித்தார்கள். மூன்று விநாடி! எந்தக் கருவியும் வாங்க வேண்டாம்.

"இதெல்லாம் சரி மேடம், போர்ஷன் யார் முடிப்பது?" தெரியும், இந்தக் கேள்வி வரும். 2014இல் கல்லூரி அறிவியல், பொறியியல், கணித வகுப்புகளைப் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். விரிவுரை மட்டும் கேட்டவர்களில் தோற்றவர்கள் 33.8 சதவீதம். வகுப்பில் தாங்களே செய்தும் விவாதித்தும் படித்தவர்களில் 21.8 சதவீதம். போர்ஷனை நீங்கள் முடித்ததும் பிள்ளைகள் முடித்ததும் ஒன்றல்ல.

ஆனால் ஒரு சங்கடம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 2019இல் ஹார்வர்டில் இயற்பியல் மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. தாங்களே முட்டிமோதிப் படித்தவர்கள் தேர்வில் அதிகம் எடுத்தார்கள், ஆனால் தாங்கள் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள். சரளமான விரிவுரை கேட்டவர்களுக்கோ நிறையக் கற்றுவிட்ட திருப்தி. "மிஸ் நடத்தவே மாட்டேங்கிறாங்க" என்று பிள்ளை வீட்டில் புலம்புவதும், மறுநாள் பெற்றோர் தலைமையாசிரியர் அறையில் நிற்பதும் இதனால்தான். முதல் வாரத்திலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்: குழப்பமாகத்தான் இருக்கும், குழம்பும்போதுதான் வேலை நடக்கிறது.

அதற்காக எதையும் சொல்லிக் கொடுக்காமல் "நீயே கண்டுபிடி" என்று விடுவதும் தப்பு. வாளியும் பாட்டிலும் கொடுத்த அந்த ஆசிரியர் முந்தின வாரம் இரண்டு பீரியட் கரைசல், வண்டல் எல்லாம் கரும்பலகையில் நடத்தியிருந்தார். பழைய முறையில்தான்.

ஃபோனும் ஏஐயும் வந்தபின் இன்னொரு திறன் சேர்ந்திருக்கிறது. 2017இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் வரலாற்றாசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்கள் மூவரையும் இணையத்தில் தேடவிட்டுக் கவனித்தார்கள். முதல் இரண்டு கூட்டமும் கண்ணில் பட்ட பக்கத்தையே மேலிருந்து கீழ்வரை படித்து, லோகோவையும் அழகையும் பார்த்து ஏமாந்தது. சரிபார்ப்பாளர்கள் உடனே அந்தப் பக்கத்தை விட்டு வெளியே வந்து, இதை நடத்துவது யார் என்று வேறு பக்கங்களில் தேடினார்கள். இதை ஒரே பீரியடில் பழக்கத் தொடங்கலாம். ஏஐ எழுதிய அறிக்கையைத் தடுக்க முடியவில்லை என்கிறீர்களா? அறிக்கையை வாங்காதீர்கள். தோற்ற முயற்சிகளை எழுதிய தாளை வாங்குங்கள், கறையோடும் அடித்தல் திருத்தலோடும்.

ஆசிரியர்களுக்கு: ப்ராஜெக்டை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். குழுவில் நாலு பேருக்கு மேல் வைக்காதீர்கள். வேலையை ஒவ்வொரு முறையும் மாற்றிக் கொடுங்கள். மதிப்பெண் போடுமுன் எதிர்பாராத ஒருவரிடம் ஒரே ஒரு "ஏன்" கேளுங்கள். பார்க்காத திறனுக்கு டிக் போடாதீர்கள், அது பொய்ச் சான்று.

பெற்றோர்களே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். கோணலாக இருக்கட்டும், விட்டுவிடுங்கள். பசை வழியட்டும். இரவு பதினொரு மணிக்குப் பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு நீங்கள் அட்டை வெட்டுவது அன்பினால்தான் என்று எனக்குத் தெரியும். நானும் என் மகனுக்கு ஒரு எரிமலை செய்து கொடுத்தவள்தான். அதற்கு முதல் பரிசு வேறு கிடைத்தது. இன்றுவரை அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

அந்தக் கண்காட்சித் தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை. கிளம்பும்போது அந்த மூன்றாவது பெண் பின்னாலேயே வந்தாள். "மேடம், மேல இருக்கிற தாளைக் கிழிச்சுட்டு நிஜமாவே தண்ணி ஊத்திப் பார்க்கட்டுமா?" கையில் கத்தரிக்கோல்கூடத் தயாராக இருந்தது. நான் வாய் திறப்பதற்குள் அவள் ஆசிரியையின் குரல் வந்தது: "அதைத் தொடாதே. அடுத்த வாரம் இன்னொரு கண்காட்சிக்கு அனுப்பணும்."