ஜர்னிமேன்: இதில் பயணம் கிடையாது

இங்கிலாந்துக் கால்பந்துச் செய்திகளைப் படிப்பவர்களின் கண்ணில் அடிக்கடி படும் சொல் ஜர்னிமேன். அங்கே உச்சப் பிரிவான பிரீமியர் லீக்குக்குக் கீழே மூன்று பிரிவுகள், பிரிவுக்கு 24 என்று 72 கிளப்புகள். அதற்கும் கீழே நேஷனல் லீக், அப்புறம் வட்டார லீக்குகள். இந்த அடுக்குகளில் ஏறியும் இறங்கியும் பத்துப் பதினைந்து கிளப்புகளுக்கு ஆடி ஓய்கிறவர்தான் ஜர்னிமேன். முன்கள வீரர்களுக்குத்தான் இந்தப் பெயர் அதிகம் ஒட்டிக்கொள்கிறது. கோல் விழாவிட்டால் முதலில் வெளியே அனுப்பப்படுபவர் அவர். கோல் வேண்டுமென்றால் பக்கத்து ஊர் மேனேஜர் முதலில் போன் போடுவதும் அவருக்குத்தான்.

ஜர்னி என்றால் பயணம், மேன் என்றால் ஆள், ஆகவே ஊர் ஊராகப் போகிறவர் என்று பொருள் கொள்ளத் தோன்றும். ஆங்கிலேயர்களிலேயே பலர் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் சொல் பிறந்த இடம் வேறு.

பிரெஞ்சில் ஜூர் என்றால் நாள். அதிலிருந்து வந்த ஜூர்னே, ஒரு நாள் பொழுதையும் ஒரு நாள் வேலையையும் ஒரு நாள் நடையையும் குறித்தது. நாளுக்குரியது என்று பொருள்படும் டியுர்னுஸ் என்ற லத்தீன் சொல் இவற்றுக்கெல்லாம் மூதாதை. ஒரு நாளில் நடந்து கடக்கக்கூடிய தூரம் என்ற பொருள் ஆங்கிலத்துக்குப் போய் ஜர்னி ஆனது. ஒரு நாள் வேலை என்ற பொருள் ஜர்னிமேனுக்குள் தங்கிவிட்டது. நாட்குறிப்பைக் குறித்த ஜர்னலும் இதே குடும்பம்தான்.

இடைக்கால இங்கிலாந்தில் கைத்தொழில் செய்பவர்கள் கில்டு என்ற கைவினைஞர் அமைப்புகளுக்குள் இருந்தார்கள். தொழில் பழக வரும் பையன் அப்ரண்டிஸ். இந்தப் பழகுகாலம் ஏழு ஆண்டுக்குக் குறையக் கூடாது என்று 1563-இல் சட்டமே வந்தது. அதை முடித்தவன் ஜர்னிமேன். சொந்தப் பட்டறை வைத்து ஆள் அமர்த்தும் உரிமை பெற்றவர் மாஸ்டர். நடுவில் இருப்பவனுக்குத் தொழில் முழுதாகத் தெரியும், பட்டறை மட்டும் அவனுடையதல்ல. கூலி நாள் கணக்கில். நம் ஊர்க் கட்டட வேலையில் சித்தாள், கொத்தனார், மேஸ்திரி என்று மூன்று படி இருக்கிறதல்லவா, ஏறத்தாழ அதுதான். ஜர்னிமேன் இதில் கொத்தனார். அவர் பூசிய சுவரை யாரும் குறை சொல்ல முடியாது, ஆனால் நாளைய வேலை எங்கே என்பது மேஸ்திரி கையில் இருக்கிறது.

ஜெர்மனியில் தொழில் பழகி முடித்தவர்கள் மூன்று ஆண்டும் ஒரு நாளும் சொந்த ஊருக்கு 50 கிலோமீட்டருக்குள் வராமல் அலைந்து வேலை செய்யும் வழக்கம் உண்டு. இன்றும் சிலர் கருப்பு உடையும் தொப்பியுமாக அப்படிப் போகிறார்கள். இதைக் காட்டி, பார்த்தீர்களா, பயணம்தானே என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். வழக்கம் உண்மைதான். ஆங்கிலச் சொல் அதிலிருந்து வரவில்லை.

கால்பந்து இந்த மூன்று படிகளில் முதலிரண்டை அப்படியே எடுத்துக்கொண்டது. பதினாறு வயதில் கிளப்பில் சேரும் பையன்களை வெகுகாலம் அப்ரண்டிஸ் என்றே அழைத்தார்கள். பயிற்சி போக மூத்தவர்களின் பூட்ஸைத் துடைப்பதும் உடைமாற்றும் அறையைப் பெருக்குவதும் அவர்கள் வேலை. ஊர் மாறுவது மட்டும் அன்று அவ்வளவு எளிதல்ல. ஒப்பந்தம் முடிந்த பிறகும் வீரரை விடாமல் பிடித்து வைக்கும் உரிமை கிளப்புக்கு இருந்தது. வாரம் 20 பவுண்டு என்ற சம்பள உச்சவரம்பு 1961-இல் ஒழிந்தது. நியூகாசிலை விட்டு வெளியேறப் போராடிய முன்கள வீரர் ஜார்ஜ் ஈஸ்தமின் வழக்கில் 1963-இல் வந்த தீர்ப்பு அந்தப் பிடியைத் தளர்த்தியது. 1995-இல் பெல்ஜிய வீரர் போஸ்மன் வழக்கின் தீர்ப்புக்குப் பிறகு, ஒப்பந்தம் முடிந்த வீரரை, பழைய கிளப்புக்கு மாற்றுத்தொகை தராமல் சேர்த்துக்கொள்ளும் வழி திறந்தது. நட்சத்திரங்களுக்கு இது பணமாக வந்தது. கீழ்ப் பிரிவுகளில் ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தமாக வந்தது. மே மாதம் ஒவ்வொரு கிளப்பும் வைத்துக்கொள்பவர், விடுவிக்கப்படுபவர் என்று பட்டியல் வெளியிடும். பெயர் இரண்டாவது பட்டியலில் இருந்தால் ஜூன் 30-உடன் ஒப்பந்தம் முடிந்துவிடும்.

ஜர்னிமேன் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருபவர் ஸ்டீவ் கிளாரிட்ஜ். காலுறையைக் கணுக்கால் வரை இறக்கிவிட்டுக்கொண்டு ஓடுவார். போர்ன்மத், ஆல்டர்ஷாட், கேம்பிரிட்ஜ், லூட்டன், பர்மிங்காம், லெஸ்டர், மில்வால் என்று பட்டியல் நீளும். 1996 மே மாதம் வெம்ப்லியில் லெஸ்டருக்கும் கிரிஸ்டல் பாலஸுக்கும் பிரீமியர் லீக் இடத்துக்கான இறுதிப் போட்டி. 1-1 என்ற நிலையில் கூடுதல் நேரமும் தீரப் போகிறது. சமநிலையில் முடிந்தால் வரும் பெனால்ட்டி உதைகளுக்கென்று லெஸ்டர் மேனேஜர் மார்ட்டின் ஓநீல், இரண்டு மீட்டர் உயரமுள்ள கோல்கீப்பர் கலாச்சை உள்ளே இறக்குகிறார். அவருக்கு வேலையே வரவில்லை. சிதறி வந்த பந்தைக் கிளாரிட்ஜ் உதைக்க, அது அவருடைய முழங்காலுக்குக் கீழே எலும்பில் பட்டு வலையின் மேல் மூலைக்குள் போய்விட்டது. பத்து ஆண்டு கழித்து, 40 வயதில், ஆயிரமாவது ஆட்டத்தை எட்டுவதற்காகவே போர்ன்மத்துக்குத் திரும்பி ஒரே ஓர் ஆட்டம் ஆடினார். போர்ட் வேலிடம் 4-0 தோல்வி.

ஜேமி கியூரட்டன் இன்னொரு வகை. நாரிச்சில் தொடங்கி, பிரிஸ்டல் ரோவர்ஸ், ரெடிங், நடுவே தென்கொரியாவின் பூசான் என்று சுற்றி, 2006-07 பருவத்தில் சிறிய கிளப்பான கால்செஸ்டருக்காக 23 லீக் கோல் அடித்து, பிரீமியர் லீக்குக்கு அடுத்த பிரிவில் அதிகக் கோல் அடித்தவர் ஆனார். நாற்பது கடந்தும் வட்டார லீக்குகளில் ஆடினார்.

ரிக்கி லாம்பர்ட்டின் கதையில்தான் சொல்லின் பழைய பொருளும் புதிய பொருளும் ஒன்றாக நிற்கின்றன. பிளாக்பூல் விடுவித்தபின் அவர் பீட்ரூட் அடைக்கும் ஆலையில் ஜாடிகளுக்கு மூடி திருகினார், நாளுக்கு 20 பவுண்டு கூலிக்கு. பிறகு மேக்கிள்ஸ்ஃபீல்டு, ஸ்டாக்போர்ட், ராச்டேல், பிரிஸ்டல் ரோவர்ஸ். 2009-இல், மேலிருந்து மூன்றாம் பிரிவில் இருந்த சவுத்தாம்ப்டன் வாங்கியது. 2012-இல் கிளப்பும் அவரும் பிரீமியர் லீக்கில். 2013 ஆகஸ்டில் ஸ்காட்லாந்துக்கு எதிராக இங்கிலாந்து அணிக்கு மாற்று வீரராக வந்து, முதல் தொடுதலிலேயே தலையால் கோல் அடித்தார். அதற்குப் பிறகு ஜர்னிமேன் என்ற பெயர் அவருக்குப் பொருந்தவில்லை.

இந்தச் சொல்லில் லேசான ஏளனம் இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். குத்துச்சண்டையில் இன்னும் கடுமை: வளரும் வீரரின் கணக்கில் வெற்றி சேர்க்க வாடகைக்கு வந்து தோற்பவர் என்றே பொருள். பர்மிங்காமின் பீட்டர் பக்லி 300 சண்டையில் 256 தோற்றார். கால்பந்தில் அவ்வளவு கீழே போகாது. பாதி மதிப்பு, பாதி இரக்கம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? பயண வீரர் தவறு. நாடோடி வீரர் என்றால் விரும்பி அலைகிறவர் போலத் தொனிக்கிறது. இவர்களில் பெரும்பாலோர் இடம் கிடைத்தால் தங்கியிருப்பார்கள். கூலி ஆட்டக்காரர் என்பது வேருக்கு நேர்மையானது, ஆனால் கூலிப்படை நினைவு வந்து காசுக்காக எதையும் செய்பவராக்கிவிடும். கைத்தொழில் பற்றிய கட்டுரையில் நாட்கூலித் தொழிலாளி என்று தயங்காமல் எழுதலாம். கால்பந்துக்குப் பலகழக வீரர் என்பதே என் தேர்வு. நீளமாக எழுத இடமிருந்தால் பல கிளப் கண்டவர் என்பது இன்னும் இயல்பு. நாலு ஊர் தண்ணீர் குடித்தவர் என்பதில் இருக்கும் அனுபவ மணம் அதில் கொஞ்சம் வருகிறது.

பலகழக வீரரைப் பற்றி எழுதினால் ஒரு பருவத்துக்கு மட்டும் வேறு கிளப்புக்குக் கொடுக்கப்படுபவரைப் பற்றியும் எழுத வேண்டிவரும். லோன் வீரர் என்பதைச் சிலர் கடன் வீரர் ஆக்குகிறார்கள். கடன் வாங்கிய பணத்தை வேறு நோட்டாகத் திருப்பித் தரலாம். இரவல் வாங்கிய பொருளை அதையே திருப்பித் தர வேண்டும். அதனால் இரவல் வீரர் என்று எழுதுங்கள்.