பிள்ளையின் வலிப்புக்குத் தாத்தாவின் பாவத்தைத் தேடாதீர்கள்

அந்தத் தாய் என் மேசைமேல் ஒரு பள்ளி நோட்டை விரித்தார். கொள்ளுத்தாத்தா வரை பெயர்கள். ஒவ்வொரு பெயரையும் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம், பக்கத்தில் ஒரு பாவம்: குடி, கடும் வட்டி, இரண்டாம் மனைவி. கோடுகள் எல்லாம் வந்து முடியும் இடத்தில் பதினோரு வயது மகனின் பெயர். அவனுக்கு வலிப்பு நோய். “தலைமுறைச் சாபம் அறுந்துவிட்டது, இனி மருந்து எடுப்பது அவிசுவாசம்” என்று சபையில் ஒருவர் சொல்ல, மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். நான்காம் நாள் இரவு வலிப்பு அடுத்தடுத்து வந்து, பையன் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து மீண்டான்.

மனநல ஆலோசகராக இப்படி இன்னும் எத்தனை பிள்ளைகளை நான் பார்க்க வேண்டும்?

முன்னோர் பாவம் பிள்ளையைத் தாக்கும் என்ற இந்தச் சாபக் கணக்குக்கு ஆதாரமாக எல்லோரும் நீட்டுவது பைபிளின் யாத்திராகமம் 20:5. பிதாக்களின் அக்கிரமம் மூன்றாம் நான்காம் தலைமுறைமட்டும் விசாரிக்கப்படும் என்ற வசனம். அதிலேயே இருக்கும் ‘என்னைப் பகைக்கிறவர்களைக்குறித்து’ என்பதை ஏன் விட்டுவிடுகிறீர்கள்? அடுத்த வசனம் ஆயிரம் தலைமுறைக்கு இரக்கம் என்கிறது. அதை அந்தத் தாய்க்கு யாரும் படித்துக் காட்டவில்லை. தகப்பனைக் கொன்றவர்களைத் தண்டித்த அமத்சியா ராஜாகூட, மோசேயின் சட்டப்படி அவர்களுடைய பிள்ளைகளை விட்டுவிட்டான். பிதாக்கள் திராட்சக்காய் தின்றதால் தங்கள் பல் கூசுகிறது என்று புலம்பிய மக்களுக்கு எசேக்கியேல் 18ஆம் அதிகாரம் முழுவதும் பதில்தான்: “குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதுமில்லை.”

யோவான் 9ஐ எடுங்கள். பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்கள் கேட்டது இந்த நோட்டின் கேள்வியேதான்: இவன் பாவமோ, பெற்றவர்கள் பாவமோ? இரண்டுமில்லை என்றார் இயேசு. அதே அதிகாரம் 34ஆம் வசனத்தில், “முழுவதும் பாவத்தில் பிறந்த நீ” என்று சொல்லி அவனை வெளியே தள்ளியவர்கள் யார்? பரிசேயர், இயேசுவை எதிர்த்த மதத் தலைவர்கள். உங்கள் வாயிலிருந்து வருவது யாருடைய பேச்சு என்று பாருங்கள்.

“அப்படியானால் ஆதிப்பாவம்?” என்பார்கள். ஆதாமின் பாவம் எல்லோரையும் சேர்ந்தது என்ற அந்தப் போதனை மனித குலம் முழுவதையும் பற்றியது. ஆதாமின் பங்கு எல்லோருக்கும் உண்டென்றால், வலிப்பு இந்தப் பையனுக்கு மட்டும் ஏன் வந்தது? சில வலிப்பு வகைகளில் மரபணுவுக்குப் பங்கு உண்டு, உண்மை. மரபணு குற்றமல்ல.

சொந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மருத்துவமனைக்கு ஓடுகிறவர்கள், அடுத்தவர் பிள்ளைக்கு வம்சக் கணக்கு எழுதுகிறார்கள். சுமைகளைக் கட்டி மனுஷர் தோள்மேல் ஏற்றிவிட்டு, தாங்கள் ஒரு விரலாலும் தொடாதவர்களை மத்தேயு 23 மாய்மாலக்காரர் என்கிறது.

பெற்றோரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. காரணமே தெரியாத துன்பத்தைவிடக் குற்ற உணர்வைத் தாங்குவது எளிது. குற்றம் என்றால் பரிகாரம் இருக்கும் என்று மனம் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பரிகாரம் பிள்ளையின் தலையில் விடிகிறது. தாய் வெளியே போனதும் பையன் என்னிடம் கேட்டான்: “தாத்தாவுக்காக நான் இன்னும் எத்தனை நாள் மன்னிப்புக் கேட்க வேண்டும்?” அந்தத் தாத்தாவை அவன் பார்த்ததே இல்லை.

வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒரு வேளைகூட. வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். ஜெபத்தை வண்டியில் செய்துகொள்ளலாம். மருந்தை விடச் சொல்கிறவர் யாராக இருந்தாலும், சிகிச்சை தரும் மருத்துவரிடம் நேரில் வந்து பேசச் சொல்லுங்கள். போதகர்களே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்: வீட்டில் யார் என்ன பாவம் செய்தார்கள் என்ற விசாரணையைப் பிள்ளை காதில் விழும்படி நடத்தாதீர்கள். அப்படி ஒரு நோட்டு உங்கள் வீட்டில் இருந்தால், பிள்ளை பள்ளியிலிருந்து வருவதற்குள் கிழித்துவிடுங்கள்.